நூலகத்தில் பேச்சு எதற்கு?

நம் கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்தைத் திங்கள்தோறும் ஒரு நாள் ஊர்மக்களுக்கும் திறந்துவிட்டு, அங்கே ஒரு பொதுச் சொற்பொழிவு நிகழ்த்தலாம் என்னும் கருத்தைத் தமிழ்த்துறையின் சார்பில் ஆட்சிக் குழுப் பெரியவர்களிடம் அண்மையில் எழுதிக் கொடுத்தோம். கருத்து வெளியானதும் மறுப்புகளும் உடன் வந்தன. நூலகம் படிக்கும் இடம், பேசும் இடம் அன்று என்றார் ஒருவர். வெளியார் வந்துபோனால் கல்லூரியின் ஒழுங்கு குலையும் என்றார் மற்றொருவர். பெண்பிள்ளைகள் பயிலும் இடத்தில் மாலைக் கூட்டம் எதற்கு என்று வினவினார், என் அத்தாவின் வயதொத்த சமுதாயப் பெரியவர் ஒருவர். மூவரும் நம் கல்லூரியின் நலம் நாடுவோரே. மூவரும் இந்நூலகத்துக்குத் தம் கைப்பொருள் ஈந்தவர்கள். அத்தகையோர்க்கு நடைவழியில் நின்றபடி இரண்டு சொல் கூறிவிட்டு அகல்வது முறையன்று எனக் கருதி, இம்மலரின் பக்கங்களில் என் மறுமொழியை எழுதுகிறேன்.

கொங்கு நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குதல் பொருந்தும்.

ஈரோட்டில் காவிரிக் கரையை ஒட்டிய பகுதி கருங்கல்பாளையம். அங்கே ஒரு வாசகசாலை இருந்தது. 1921ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் அவ்வாசகசாலையின் ஆண்டு விழாவில் உரையாற்றுவதற்காக, வழக்கறிஞர் தங்கப்பெருமாள் பிள்ளையின் அழைப்பை ஏற்றுச் சென்னையிலிருந்து வந்தவர் சுப்பிரமணிய பாரதியார். மனிதர்க்கு மரணமில்லை என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். மறுநாள் ஈரோட்டில் நடந்த இன்னொரு கூட்டத்தில் இந்தியாவின் எதிர்கால நிலை பற்றிப் பேசினார். இப்பயணத்தைப் பற்றித் தாமே சுதேசமித்திரனில் கட்டுரையும் எழுதினார். மரணமில்லை என்று முழங்கிய அம்மனிதர் ஏறத்தாழ ஆறு வாரங்களில், அதே ஆண்டு செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிரம்பும் முன்னரே மறைந்தார். இதில் உள்ள முரணைச் சுட்டிச் சிலர் நகைப்பதுண்டு. நான் நகைப்பதில்லை. அவர் பேசிய அவ்வாசகசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நூலகமாக நிற்கிறது என்பதை நேரில் கண்டவன் நான். ஈரோட்டு வழியாகச் செல்லும் மாணவர் எவரும் என்னிடம் வழி கேட்டால், ஒரு வேளை உணவைத் தள்ளிவைத்தேனும் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு வருமாறு சொல்வது என் வழக்கம்.

அவ்விழாவில் நான் கருதிப் பார்ப்பது பாரதியாரின் பெருமையை மட்டுமன்று. அவரை அழைத்தது யார்? அரண்மனை அழைக்கவில்லை. பல்கலைக்கழகம் அழைக்கவில்லை, அந்நாளில் கொங்கு நாட்டில் பல்கலைக்கழகமே இல்லை. ஒரு பேட்டையின் வாசகசாலை அழைத்தது. எழுத்தறிந்தோர் மிகச் சிலராக இருந்த காலம் அது. நாளிதழை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்க்கு மட்டுமே பயன்படுவதாக அவ்விடத்தை நடத்தியிருந்தால், ஊரில் பெரும்பாலோர்க்கு அதன் வாயிற்படியில் வேலை இருந்திராது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு பேச்சாளரை வரவழைத்தபோது, நெசவாளியும் வண்டிக்காரரும் உள்ளே வந்து அமர்வதற்கு ஒரு காரணம் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1920இல், நெல்லைச் சீமையின் பொட்டல்புதூரில் இஸ்லாத்தின் மகிமை குறித்துப் பாரதியார் உரையாற்றியதை நம் பெரியவர்கள் பெருமையோடு நினைவுகூர்வார்கள். அவ்வுரையும் பேச்சாகப் பிறந்து பின்னர் எழுத்தாக நின்றதே.

பேச்சு கேட்பதை நூல் படிப்பதற்குப் பகையாகக் கருதும் எண்ணம் நமக்கு எப்போது வந்ததென்று தெரியவில்லை. தமிழ் மரபில் அவ்வெண்ணம் இல்லை. திருக்குறளின் அதிகார வைப்பைப் பாருங்கள். நாற்பதாவது கல்வி, நாற்பத்தொன்று கல்லாமை, நாற்பத்திரண்டு கேள்வி, நாற்பத்து மூன்றாவதுதான் அறிவுடைமை. கல்வியிலிருந்து அறிவுடைமைக்கு நேரே சென்றுவிடாமல் இடையே கேள்வி என்னும் படியை வைத்திருக்கிறார் வள்ளுவர். பின்னர் எழுபத்திரண்டாம், எழுபத்து மூன்றாம் அதிகாரங்களில் அவையறிதல், அவையஞ்சாமை என்று பேசுவோர்க்குரிய இலக்கணத்தையும் தனியே சொல்கிறார். நூல் எழுதியவர் அதை அவையில் அரங்கேற்றிய பின்னரே அது நூலாக மதிக்கப்பட்டது என்பதும் நாம் வகுப்பில் நாள்தோறும் சொல்லிக்கொடுக்கும் செய்திதான்.

நம் வீடுகளில் மட்டும் என்ன வழக்கம் இருந்தது? என் நன்னி எழுத்தறியாதவர். ஆனால் நூறு மசலாவில் எந்த வினாவுக்கு எந்த விடை என்பது அவருக்கு மனப்பாடம். இரவில் வேலை ஓய்ந்த பின், படிக்கத் தெரிந்த ஒரு பெண் சிம்னி விளக்கருகில் அமர்ந்து இராகத்தோடு படிக்க, தெருப் பெண்கள் சூழ்ந்திருந்து கேட்டுக் கேட்டே அவர்கள் அதைக் கற்றார்கள். கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என நம்மவர் படைத்த இலக்கிய வகைகள் பலவும் கண்ணைவிடக் காதையே நம்பி எழுந்தவை. அவற்றைத் தம் மடியில் வைத்துக் காத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவற்றை ஒருநாளும் படித்தவர்கள் அல்லர், கேட்டவர்கள்.

இனி, அமைதி பற்றிய மறுப்பு. நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளை நூலகத்துறையார் அனைவரும் அறிவர். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவ்விதிகளே ஒரு சொற்பொழிவில்தான் முதலில் வெளிப்பட்டன என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1928இல் சிதம்பரத்தில் பேசியவற்றை விரித்தே 1931இல் அவர் நூலாக்கினார். வாசகரைத் தேடிச் செல்லும் விரிவுப் பணியை, அதாவது சொற்பொழிவு, படித்துக் காட்டல், கண்காட்சி போன்றவற்றை, நூலகத்தின் கடமையாகவே அவர் கருதினார். அலமாரியில் நூல் இருந்தும் அதை எடுக்க ஆள் வராத நூலகத்திலும் அமைதி நிலவும். அதை நாம் அமைதி என்று மெச்சக் கூடாது.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எம்.ஃபில். ஆய்வுக்காகப் பல நூலகங்களில் அலைந்த காலத்தில், ஒரு நூலகத்தில் இஸ்லாமியச் சிற்றிலக்கியத் தொகுப்பு ஒன்றை எடுத்தேன். உட்பக்கங்கள் சில இன்னும் வெட்டிப் பிரிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. திருப்பித் தரும் நாளைக் குறிக்கும் தாள் வெறுமையாக இருந்தது. பேனாக் கத்தியால் பக்கங்களைப் பிரித்துப் படித்தவன் நானே. பின்னர் ஒரு சமயம் அதே ஊரில் அச்சிற்றிலக்கியங்கள் பற்றி ஒரு பேராசிரியர் ஒன்றரை மணி நேரம் பேசினார். அடுத்த ஆண்டு நான் சென்றபோது, அத்தாளில் முத்திரை மேல் முத்திரையாக விழுந்திருந்தது. நூல் என் கைக்குக் கிடைக்க நான் காத்திருக்க நேர்ந்தது. எனக்குச் சற்று எரிச்சலும் வந்தது என்பதை ஒளிப்பானேன்?

நம் கூடம் படிப்பறையிலிருந்து தனித்து, தெருப்பக்கம் தன் வாயிலைக் கொண்டிருக்கிறது. படிப்பறையின் கதவைச் சாத்திவிட்டால் பேச்சொலி மேலே செல்லாது. ஒலிபெருக்கி இல்லாமலே நாற்பது பேருக்குக் கேட்கும். ஆகவே முதல் மறுப்புக்கும் இரண்டாம் மறுப்பின் பெரும்பகுதிக்கும் கட்டடமே விடை சொல்லிவிடுகிறது. வருவோர் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். அவ்வளவே.

ஆனால் வெளியார் என்ற சொல்லை நான் அவ்வளவு எளிதில் விட்டுவிட இயலாது.

1997 நவம்பரிலும் 1998 பிப்ரவரியிலும் நம் நகரம் பட்ட பாட்டை இம்மலரின் வாசகர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கலவரத்திலும் குண்டுவெடிப்பிலும் உயிரிழந்தோரின் குடும்பங்கள் இருபக்கமும் உள்ளன. அப்போது நான் இளங்கலை மாணவன். அதன் பின் வந்த மாதங்களில் வாடகை வீடு கேட்கப் போனாலும், கடையில் வேலை கேட்கப் போனாலும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தாலும், பெயரைச் சொன்னதும் எதிரே உள்ள முகம் ஒரு கணம் நின்று பின்னர் அசைவதைக் கண்டிருக்கிறேன். எங்கள் தெருவிலும் அதே கணம் உண்டு. வேற்றுப் பெயர் சொல்பவரைக் கண்டால் நம் பேச்சும் நின்றுதான் அசைந்தது. வீடு, கடை, பள்ளி எல்லாவற்றிலும் அவரவர் அவரவர் பக்கம் ஒதுங்கிய காலம்.

அந்நாளில் நகரத்தின் பொதுநூலகம் ஒன்றில் நாளிதழ் பார்க்கச் செல்வேன். அங்கிருந்த நூலகர் ஒருநாள், "ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டக் கூட்டம் இருக்கிறது, வாங்க தம்பி" என்றார். என்ன பொருள் என்றுகூடக் கேட்காமல் சென்றேன். முப்பது பேர் இருந்திருப்பர். நெற்றியில் திருநீறு அணிந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மேசைக்குப் பின்னால் நின்றார். கையில் பழைய சீறாப்புராணப் பதிப்பு. நாட்டுப் படலத்தை விளக்கிப் பேசத் தொடங்கினார். அவர் விளக்கிய அரபு நாட்டில் மழை பெய்து ஆறு பெருகியது, வயலில் உழவர் இறங்கினர், நெல் விளைந்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஐயா, அரபு நாட்டில் ஏதுங்க நெல்வயல்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆசிரியர் சிரிக்கவில்லை. "கம்பர் கோசல நாட்டில் காவிரியை ஓடவிட்டபோது நீங்கள் கேட்கவில்லையே? உமறுப்புலவர் எட்டயபுரத்துக்காரர். தாம் நேசித்த நபியின் நாட்டைத் தாம் கண்ட நல்ல நாட்டைப் போலத்தானே அவர் பாட முடியும்?" என்றார். கூடம் அடங்கிவிட்டது.

கூட்டம் முடிந்து நான் வெளியேறும்போது அவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். எதிரே முகம் நின்று அசைவதற்காகக் காத்திருந்தேன். அவரோ, "தம்பி, நுபுவ்வத்துக் காண்டம் என்று சொன்னேனே, அந்த நுபுவ்வத்தை நான் சரியாக உச்சரித்தேனா?" என்று கேட்டார். எனக்கு நாணமாகிவிட்டது. உச்சரிப்பு சரிதான். ஆனால் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அக்காப்பியத்தில் ஒரு பாடலைக்கூட அதுவரை நான் படித்திருக்கவில்லை. அன்று நூலகத்தை உடனே பூட்டாமல் அரைமணி நேரம் திறந்துவைத்திருந்தார்கள். அலமாரியில் தேடி அந்நூலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வேதியியல் பட்டம் பெற இருந்தவன் தமிழ் முதுகலையில் சேர்ந்த கதை அவ்வளவுதான். என் அத்தாவுக்கு அதில் நெடுநாள் வருத்தம்.

பள்ளிவாசலில் நம் பயானுக்கு நம்மவர் வருகிறோம். கோயிலில் நடக்கும் சொற்பொழிவுக்கு அவர்கள் போகிறார்கள். சாதிக்கொரு சங்கமும் அதற்கொரு மண்டபமும் நம் நகரத்தில் உள்ளன. கட்சிக் கூட்டத்துக்குக் கட்சிக்காரர் செல்வர். இவை எதையும் நான் குறை கூறவில்லை. அவரவர்க்கு அவை வேண்டும். ஆயினும், ஒருவன் தன் பெயரை முன்னதாகச் சொல்லாமலே போய் அமரக்கூடிய கூடம் எது? சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவிய நீதியரசர் மு.மு. இஸ்மாயில் நாகூரில் பிறந்தவர். சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். வாலி வதையைப் பற்றி அவர் எழுப்பிய வினாக்களுக்குத் தமிழ்நாடே செவிசாய்த்தது. அவர் கம்பனைப் பேசும்போது அவையோர் கம்பனைக் கேட்டார்கள். அதுபோல அடுத்த தலைமுறையிலும் ஒருவர் தோன்ற வேண்டுமாயின், அவர் இளமையில் அமர்ந்து கேட்பதற்கு இருக்கை ஒன்று எங்கேனும் போடப்பட்டிருக்க வேண்டும். வெளியார் வரக்கூடாது என்றால் அவ்விருக்கை நம் கல்லூரியில் இல்லை என்று பொருள்.

கொங்கு நாட்டார்க்குத் தறியும் மோட்டாரும் வியாபாரமும்தான் தெரியும், சொற்பொழிவு கேட்க யார் வருவார் என்று சிலர் சொல்வதுண்டு. பழங்கதை. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் புத்தகத் திருவிழாவின் மாலைக் கூட்டங்களைச் சென்று பார்த்தால் அவ்வெண்ணம் மாறிவிடும். மேலும், நூலகத்துறையில் கொங்கு நாட்டின் பங்கு சிறிதன்று. விடுதலை இந்தியாவின் முதல் பொதுநூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டபோது கல்வி அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்தவர், திருப்பூரில் பிறந்து கோவையில் வித்தியாலயம் கண்ட தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உழைத்த பெரியசாமித் தூரனும் இம்மண்ணின் மைந்தரே. அச்சட்டத்தின் வழியே நாம் ஒவ்வொருவரும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி செலுத்துகிறோம். கோட்டைமேட்டுச் சந்தில் குடியிருப்பவரும் செலுத்துகிறார்; ஆர்.எஸ். புரத்தில் மாளிகை கட்டியவரும் செலுத்துகிறார். வரி கொடுத்த இடத்தில் உரிமையோடு நுழைவது என்னவோ நமக்குப் பழக்கமாகவில்லை.

பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றியும் ஒரு சொல். கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இலும், பாரதியார் பல்கலைக்கழகம் 1982இலும் தோன்றின. அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் தமிழகத்துப் பல்கலைக்கழகங்களில் குறைவில்லை. நல்ல பொருள், நல்ல அறிஞர், நல்ல அரங்கு எல்லாம் அமைகின்றன. ஆனால் பெரும்பாலும் வேலைநாளில் முற்பகல் பதினொரு மணிக்கு, நகரத்துக்கு வெளியே, வருகைப் பதிவுக்காக அழைத்துவரப்பட்ட மாணவர் முன்னிலையில் அவை நடந்து முடிந்துவிடுகின்றன. ஊரிலுள்ள வணிகரோ, பஞ்சாலைத் தொழிலாளியோ, இல்லத்தரசியோ அப்படி ஒன்று நடந்ததையே அறியார். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இவ்வகையில் ஒரு நல்ல வழி காட்டியது. பொன்மாலைப் பொழுது என்னும் பெயரில் எழுத்தாளரையும் கலைஞரையும் சனிக்கிழமை மாலைகளில் அங்கே வரவழைத்துப் பேசச் செய்தார்கள். விடுமுறை, மாலை, நூல்களுக்கு நடுவே என்ற மூன்றும் கூடி அமைந்தது அதன் சிறப்பு. கோவைக்கும் காந்திபுரம் அனுப்பர்பாளையத்தில் தந்தை பெரியார் பெயரில் பெரிய நூலகமும் அறிவியல் மையமும் அமைப்பதற்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பெரிய கட்டடம் வருவது பெருமைதான். ஆனால் கருங்கல்பாளையத்தார் பெரிய கட்டடத்துக்காகக் காத்திருக்கவில்லை.

சொற்பொழிவு நடத்தினால் மட்டும் போதாது. எப்படி நடத்துகிறோம் என்பதில் எனக்குச் சில கசப்பான பட்டறிவுகள் உண்டு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நூலகத்தில், நூலக வார விழாவில் பேச என்னை அழைத்திருந்தார்கள். அழைப்பிதழில் முப்பது பெயர்கள். கேட்க வந்தோரை எண்ணினேன், இருபத்தெட்டுப் பேர். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் எழுவரின் சிற்றுரை, வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, ஒளிப்படம். என் முறை வந்தபோது மின்விசிறிகளை நிறுத்தும் நேரம் நெருங்கிவிட்டது. பன்னிரண்டு நிமிடம் பேசினேன். நன்றியுரை பதினைந்து நிமிடம் நீண்டது. இவை எல்லாவற்றிலும் என்னை வருத்தியது வேறொன்று. நான் குறிப்பிட்ட நூலை எடுத்துப் பார்க்க விரும்பிய ஒரு மாணவி அலமாரி அறைக்குச் சென்று திரும்பினாள். விழாவுக்காக அதைப் பூட்டிவிட்டிருந்தார்கள்.

ஆகவே எங்கள் கருத்துருவில் சில நெறிகளை எழுதியுள்ளோம். பேசுவோர் ஒருவர். அவரை அறிமுகம் செய்வோர் ஒருவர், அவருக்கு மூன்று நிமிடம். பொன்னாடை இல்லை. ஒரு மணி நேரப் பேச்சு, அரைமணி நேரம் வினா விடை. பேச்சின் பொருள் தொட்ட நூல்களை நூலகர் முன்னதாகவே எடுத்துக் கூடத்தில் ஒரு மேசைமேல் பரப்பி வைத்திருப்பார். கூட்டம் முடிந்த பின் ஒரு மணி நேரம் அவற்றை அங்கேயே அமர்ந்து புரட்டலாம், மாணவர் இரவல் பெறலாம். பட்டிமன்றம் வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். இதற்கு என் துறைத் தோழர்களே என்மீது சினங்கொண்டனர். பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே உண்டு, அறிஞர் கூடி வாதிட்ட இடம் அது, என்று எனக்கே பாடம் நடத்தினார்கள். அறிவேன். அந்தப் பட்டிமண்டபத்தை யாரேனும் மீண்டும் கொண்டுவந்தால் முதல் வரிசையில் அமர்வேன். மாமியார் மருமகள் நகைச்சுவைக்கு நூலகக் கூடம் வேண்டாம். அதற்குத் தொலைக்காட்சி இருக்கிறது.

பொருள் தேர்விலும் ஒரு சொல் கூற வேண்டும். நம் கல்லூரி என்பதால் முதற்கூட்டமே சமயப் பொருளில் அமையட்டும் என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர் உண்டு. சீறா வரட்டும், குணங்குடியாரும் வரட்டும். ஆனால் அவற்றோடு பெரியபுராணத்துக்குப் பேருரை கண்ட கோவை வழக்கறிஞர் சி.கே. சுப்பிரமணிய முதலியாரும் வரட்டும், 1971இல் இந்நகரிலிருந்து சிறகு விரித்த வானம்பாடிக் கவிஞர்களும் வரட்டும். தமிழ்த்துறை நடத்துவதால் இலக்கியம் மட்டுந்தான் என்று வேலி போட வேண்டியதும் இல்லை. கோவையில் 1912இல் தோன்றிய கரும்பு இனப்பெருக்க நிலையம், இந்தியாவின் கரும்புச் சாகுபடியையே மாற்றியமைத்த இரகங்களைக் கண்டது. கோ என்று தொடங்கும் அவ்விரகங்களின் பெயரில் இருப்பது நம் ஊரின் முதலெழுத்து என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? வார்ப்பட ஆலையில் முப்பதாண்டு உழைத்த ஒருவர், பம்பு உருவாகும் முறையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசட்டும். சிறுவாணித் தண்ணீர் நம் வீட்டுக் குழாய்க்கு வரும் வழியைப் பொறியாளர் ஒருவர் சொல்லட்டும். அவர்கள் மேடைத்தமிழ் பேச வேண்டியதில்லை. ஏனுங்க, வாங்க என்று பேசினாலே போதும்.

இறுதி மறுப்பே எனக்குக் கடினமானது. அப்பெரியவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மஃரிபுக்குப் பின் கூட்டம் வைத்தால் பெண்பிள்ளைகள் வீடு சேர நேரமாகும். நகரப் பேருந்தின் நெரிசலை நானும் அறிவேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் அதற்குத் தீர்வு கூட்டத்தை விடுவதா, நேரத்தை மாற்றுவதா? இன்று என் வகுப்பில் பெண்களே மிகுதி. அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பெண்கள். வகுப்பில் வினா எழுப்பாதவர்கள், தேர்வில் முதலிடம் பெறுகிறார்கள். அவையஞ்சாமை என்னும் அதிகாரத்தைப் பத்து மதிப்பெண் வினாவுக்கு எழுதிவிட்டு, அவையையே காணாமல் திருமணமாகிச் சென்றுவிடுகிறார்கள். அவர்கள் இல்லாமல் நடக்கும் கூட்டத்தை நான் எவ்வளவு சிறப்பாக நடத்தினாலும் பாதிக் கூட்டந்தான்.

எனவே சனிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி, அசர் தொழுகைக்கு இடைவெளி விட்டு, மஃரிபுக்கு வெகுமுன்னரே கலைந்துவிடும்படி நேரத்தைத் திருத்தி எழுதியுள்ளோம். முன்வரிசைகள் பெண்களுக்கு. மாணவியரின் தாய்மாரும் உடன் வரலாம் என்றும் சேர்த்தோம். இதைக் கேட்டதும் அப்பெரியவர் சிறிது நேரம் எண்ணிவிட்டு, "தாய்மார் வருவார்களா?" என்றார். நூறு மசலா கேட்ட பெண்களின் பேத்திகள் வராமல் என்ன என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு தோன்றியது. அவருடைய தாயாரும் அப்படிக் கேட்டவர்தாமாம்.

கருத்துரு இன்னும் ஆட்சிக் குழுவின் ஆய்வில் உள்ளது. செலவு எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். பேச்சாளரின் பயணச் செலவு, தேநீர், சனிக்கிழமை கூடுதல் நேரம் இருக்கும் நூலகப் பணியாளர் இருவருக்கு ஊதியம் என்று மூன்று இனங்களை எழுதிக் கொடுத்தேன். கூடத்தில் எத்தனை நாற்காலிகள் உள்ளன என்று நூலகரைக் கேட்டேன். நாற்பது என்றார், அவற்றுள் ஆறு கால் ஆடுபவை. தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன்.